மெதுவாகக் கொடுக்கச் சொன்ன அக்கா

மூக்குக்குழாயில் உணவை இணைக்கப் போன அக்காவின் கை பாதியில் நின்றது இன்றும் கண்ணில் இருக்கிறது. திருவண்ணாமலையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு அது. நான் மருத்துவராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அவர் இருபது வருடமாக அங்கே செவிலியர். எல்லோருக்கும் அவர் அக்காதான். படுக்கையில் இருந்தவர் கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயி. தொண்டைப் புண்ணால் மூன்று வாரம் தண்ணீரைத் தவிர எதுவும் இறங்காமல், கடைசியில் நிமோனியாவோடு வந்திருந்தார். விலா எலும்புகளை எண்ணிவிடலாம்.

"ரொம்ப நாளா சாப்புடாதவரு டாக்டர். கம்மியா ஆரம்பிக்கலாமா? பாஸ்பரஸ், பொட்டாசியம் பாத்துட்டு ஏத்திக்கலாம்," என்றார் அக்கா.

வாசலில் நோயாளியின் மனைவி நின்றிருந்தார். எப்போது சாப்பாடு கொடுப்பீர்கள் என்று காலையிலிருந்து மூன்று முறை கேட்டிருந்தார். அவர் முன்னால் ஒரு செவிலியர் எனக்குச் சொல்லிக்கொடுப்பதா என்று எரிச்சல் வந்தது. "பட்டினி கெடக்கறவருக்கு சோறு போட என்னக்கா யோசனை? நான் சொன்ன முழு அளவே ஓட்டுங்க," என்றேன். வாயால் சொன்னதோடு சரி, நோயாளியின் குறிப்பேட்டில் எழுதவில்லை.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குள் திடீரென்று உணவு நிறைய இறங்கினால், இரத்தத்திலிருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம் போன்ற உப்புச்சத்துகள் சடசடவெனக் குறைந்துவிடும். மூச்சுத் தசைகள் தளரும், இதயம் தடுமாறும். பரீட்சைக்கு இதைப் படித்து, சரியாக எழுதியும் இருந்தேன்.

மூன்றாம் நாள் மதியம் அவருக்கு மூச்சு ஓய்ந்துகொண்டே வந்தது. செயற்கை சுவாசக் கருவியில் போட்டோம். பரிசோதனை முடிவில் பாஸ்பரஸ் அடிமட்டத்தில் இருந்தது. பிரிவுத் தலைவரான பெரிய டாக்டர் வந்து, உணவை இவ்வளவு வேகமாக ஓட்டியது யார் என்று கேட்டார்.

"அக்கா டியூட்டிங்க சார்," என்றேன்.

பொய்யில்லை. அதனால்தான் அது அத்தனை சுலபமாக வந்தது. அக்கா என்னையே பார்த்தபடி சற்று நேரம் காத்திருந்தார். நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவரை ஊசி போடும் அறைக்கு மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார்.

அந்த விவசாயி பிழைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போகிற அன்று அவர் மனைவி என் கைகளைப் பிடித்துக்கொண்டு, "காஞ்ச வயித்துக்கு ஊத்தி காப்பாத்துனீங்க," என்று அழுதார். பரவாயில்லை அம்மா என்றேன்.

நான்கு வருடம் கழித்து, செங்கம் சாலையில் ஒரு சிறிய கிளினிக்கில் அக்கா இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அக்கா ஒரு பெரியவரின் கையில் கட்டுப் போட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்ட ஏன் டாக்டர் சொல்றீங்க? நடந்தது எனக்குத் தெரியும். தெரியாதது பெரிய டாக்டருக்குத்தான். அவரு இன்னும் அங்கதான இருக்காரு," என்றார். குரலில் கோபம் இல்லை.

பெரிய டாக்டரின் அறை எங்கள் பிரிவிலிருந்து மூன்று கதவு தள்ளி இருக்கிறது. அக்காவைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு மாதமாகிறது.