யாருக்கும் இல்லாத நோய்

1. சும்மா ஒரு டெஸ்ட்

கல்கத்தாவின் டாக்குரியாவில் எனக்கு எதிர் ஃபிளாட் கோமதி அக்கா. திருநெல்வேலிக்காரர், கணவரின் மத்திய அரசு வேலை மாற்றலில் இங்கே வந்தவர். ஒரு சாயங்காலம் இடது காதைப் பொத்திக்கொண்டே என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி கலா, பொழுது சாயுத நேரம் இந்தக் காதுல ஒரே இரைச்சல். விளக்கேத்துனா நின்னுருது. பிரஷர் மாத்திரையாலதானாம், போன்ல போட்டிருக்கான். மாத்திரைய நிறுத்திட்டேன்."

அந்த நோயை உண்டாக்கியதே எங்கள் ஆபீஸ்.

நியூ டவுனில் ஒரு தமிழ் மருத்துவ இணையதளத்துக்கு எஸ்.ஈ.ஓ. பார்த்தோம். தேடுகிறவர் கண்ணில் எங்கள் பக்கம் முதலில் பட வேண்டும், அவ்வளவுதான் வேலை. எந்த மாதிரித் தலைப்புக்கு க்ளிக் அதிகம் என்று சோதிக்க, அதுவரை யாருமே தேடாத ஒரு கீவேர்டு, அதாவது தேடுசொல், வேண்டியிருந்தது. மேனேஜர் ரகு டீ குடித்துக்கொண்டே ஒரு நோயைக் கட்டிவிட்டார்: அந்தி நேரத்து இடது காது இரைச்சல். தளத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்குக் காட்டிய தலைப்பு சாதுவாக இருந்தது. மீதிப் பேருக்கு, 'உங்கள் பிரஷர் மாத்திரைதான் காரணமா?'

"மாத்திரையை ஏன் இழுக்கறீங்க?" என்றேன்.

"சும்மா ஒரு டெஸ்ட் மேடம்."

பயமுறுத்திய தலைப்புதான் ஜெயித்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அதில் எனக்கு ஆச்சரியமில்லை.

2. விளக்கு

மறுநாள் அந்தப் பக்கத்துக்கு வந்திருந்த கமெண்டுகளைப் படித்தேன். அவற்றை நாங்கள் வெளியிடுவதில்லை. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. சேலத்திலிருந்து ஒருவர், இங்கே பெஹாலாவிலிருந்து ஒருவர், துபாயிலிருந்து ஒருவர். எல்லோரும் ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள்: விளக்கேற்றினால் இரைச்சல் நின்றுவிடுகிறது.

எங்கள் பக்கத்தை வரிவரியாகப் பார்த்தேன். விளக்கு என்ற சொல்லே அதில் இல்லை.

ரகுவிடம் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. "இத்தனை பேர் சொல்றாங்கன்னா நிஜமாவே அப்படி ஒரு நோய் இருக்கு மேடம்! இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்."

"யோவ், நீங்கதானே டீ குடிச்சிக்கிட்டே கட்டிவிட்டீங்க!" ஆபீஸே திரும்பிப் பார்த்தது. "டெஸ்ட்ல இருக்கோம்னு இவங்க ஒருத்தருக்காவது தெரியுமா? எங்க எதிர் வீட்டம்மா மாத்திரையை விட்டுட்டாங்க. இப்பவே அந்தப் பக்கத்தைத் தூக்குங்க. இல்லைன்னா நான் கிளையண்ட்கிட்ட பேசிக்கிறேன்."

முணுமுணுத்துக்கொண்டே தூக்கினார். நான் நேரே கோமதி அக்காவிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீங்க கட்டிவிட்டதுன்னா எனக்கு எப்படிட்டி கேக்கும்?"

டாக்டரிடம் இழுத்துப் போனேன். பிரஷர் எகிறிக் கிடந்தது. டாக்டர் அதட்டிய பிறகு அக்கா மாத்திரையைப் போட ஆரம்பித்தார். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்தி நேரத்து இரைச்சல் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, சோதனைக்கு ஆளாகிறவருக்கு அது சோதனை என்று முதலில் சொல்லுங்கள். ஒருவருக்குத் தெரியாமல் அவர் மனசுக்குள் போட்டதை, பக்கத்தை நீக்கி வெளியே எடுக்க முடியாது.

எனக்கு விளக்கேற்றும் பழக்கமே கிடையாது. இப்போதெல்லாம் பொழுது சாயும் முன்பே ஏற்றிவிடுகிறேன்.