மிதிச்சுக்கிட்டே நட்டவரு

ஏளா, அந்த அருவருப்ப ஏன் கேக்க! தூத்துக்குடியில புது ஹார்பர் கெட்டுத சமயம். அங்கன உள்ள ஒரு இஞ்சினீரு, நடவு பாக்கணும்னு எங்க வயலுக்கு கார்ல வந்தாரு. வந்தவரு, “நானும் நடுதேன்”னு பூட்ஸ் காலோட எறங்கிட்டாரு. மூக்கச் சிந்துன கைக்குட்டையாலயே நாத்து வேர்ச்சேத்தத் தொடச்சுத் தொடச்சு ஊனுதாரு, த்தூ! முன்னால போயிக்கிட்டே நட்டதுல, நட்டதையெல்லாம் அவரே மிதிச்சாரு.

“ஐயா, பின்னால நவுந்து நடணும். வேற நாத்து கெடயாது”ன்னேன்.

“வழுக்கி விழுந்துட்டா பேண்ட் அழுக்காயிடுமேம்மா!”

ஒரு வரிசை நாசம். போறப்ப, “நான் நட்டது எது? அறுப்புக்கு வந்து பாக்கணும்”ன்னாரு. நான் நட்ட வரிசையக் காட்டி, “அந்தா நிக்குதுல்லா, அதான்”ன்னுட்டேன். அவரு மொகத்துல அம்புட்டு சிரிப்பு! ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னைக்கும் வெளங்கல.

ஏளா, இரு, காயப்போட்ட நெல்லக் கோழி கிண்டுது, வெரட்டிட்டு வாரேன்.