முப்பது வயதுக்காரியோடு ஒரு மல்லுக்கட்டு

பியானோ வாசிக்கிறவர்களுக்கு உலகத்தில் பஞ்சமில்லை. ஆனால் தன்னுடைய இசைத்தட்டோடு தானே சண்டைக்கு நின்றவர் எனக்குத் தெரிந்து பெரியக்கா ஒருவர்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். இசைப்பள்ளியில் தரை துடைக்கப் போய், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, காதில் விழுந்ததை ஆளில்லாத பியானோவில் தேடித் தேடிக் கற்றவர். பின்னால் அதே பள்ளியின் மேடையில் கைதட்டல் வாங்கியபோது, "இந்த மேடை எனக்குப் புதுசில்ல, எத்தனை வாட்டி தொடச்சிருக்கேன்!" என்ற வாய் அது.

முப்பது வயதில் அவருடைய முதல் இசைத்தட்டு வந்தது. ஷூபர்ட் என்ற அந்தக் காலத்து இசைமேதை பியானோவுக்கு எழுதிய நீளமான ஒரு படைப்பு. அந்த வேகத்தைக் கேட்டு எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். "நெருப்பு" என்று பத்திரிகையில் எழுதினார்கள். இசை படிக்கிற பிள்ளைகள் அதே வேகத்தைப் பிடிக்கப்போய் விரல் சுளுக்கிக்கொண்டார்கள்.

நெருப்பாவது மண்ணாவது! தட்டின் ஒரு பக்கத்தில் பிடிக்கிற கொஞ்ச நிமிஷத்துக்குள் அது அடங்க வேண்டும். அதற்காகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒலிப்பதிவுக்காரர் கையை ஆட்டி ஆட்டி விரட்டினார், பெரியக்கா ஓடினார். அவ்வளவுதான் சங்கதி. "ஷூபர்ட் என்ன, தட்டுல எடமிருக்கான்னு கேட்டுட்டா எழுதினாரு?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கத்தினார். யாரும் நம்பவில்லை. தன்னடக்கம் என்றார்கள். பெரியக்காவுக்குத் தன்னடக்கமா!

அவருக்கு அறுபத்தெட்டு வயதானபோது, அந்தப் பழைய பதிவையே மெருகேற்றி மறுபடி வெளியிட இசைத்தட்டுக் கம்பெனி முடிவு செய்தது. பெரியக்கா ஒரே பிடியாகப் பிடித்தார், புதிதாக வாசிக்கிறேன் என்று. கடைசியில் ஒரு காலைப்பொழுது தந்தார்கள். புதியது தேறினால் புதியது, தேறாவிட்டால் பழையதேதான். தேறாவிட்டால் அந்த ஓட்டம்தான் காலத்துக்கும் அவர் பெயரில் நிற்கும்.

துணைக்குத் தங்கை வந்தாள். துணையோ தொணதொணப்போ!

"உன் விரலெல்லாம் காலையில மடங்கவே மாட்டேங்குது. அந்தப் பொண்ணோட உனக்கு எதுக்குக்கா வீம்பு?"

"எந்தப் பொண்ணுடி?"

"அதான், தட்டுக்குள்ள இருக்காளே."

"அவகிட்ட விரல் இருந்துச்சு. பொறுமை எங்க இருந்துச்சு?"

இந்தக் காலத்து ஒலிப்பதிவுக்காரர் மரியாதையான மனிதர். "தப்பு வந்தா பயப்படாதீங்கம்மா. அந்த எடத்த மட்டும் திரும்ப வாசிங்க, ஒட்டிக்கலாம்."

"ஒட்டுப்போட எனக்கென்ன கிழிஞ்சா போச்சு? முழுசா வாசிப்பேன்."

மற்றவர்களின் பதிவுகளை அவர் கேட்காமல் இல்லை. தையல் எங்கே என்று அவர் காது காட்டிக்கொடுத்துவிடும். எத்தனை பெரிய கைகாரராக இருந்தாலும், ஒட்டிய இடத்தில் மூச்சு இருக்காது என்பார்.

தொடங்கினார். முதல் பக்கத்திலேயே சுண்டுவிரல் பக்கத்துக் கட்டையை உரசியது. நிறுத்தினார். தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். பெரியக்கா விரல்களை உதறிக்கொண்டு, "மொதல்லேர்ந்து" என்றார்.

மறுபடி தொடங்கியபோது கை வேறு கையாக இருந்தது. முப்பது வயதில் தலைதெறிக்க ஓடிய இடத்தில் நடந்தார். நடந்த இடத்தில் நின்றார். ஒரு சுரம் கரைந்து முடியும்வரை அடுத்ததைத் தொடவில்லை. ஓடும்போது கண்ணில் படாத ஒரு சின்ன மெட்டு இடது கையின் அடியில் கிடந்தது; அது இப்போது தானாக மேலே வந்தது. விரல் வலித்திருக்கும். வலி யாருக்கு ஞாபகம்!

கடைசிச் சுரம் அடங்கிய பிறகும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர் பதிவை நிறுத்தும் பொத்தானை அமுக்க மறந்து நின்றார்.

"என்னங்க, தேறுச்சா?"

"அம்மா, இதத்தான் போடறோம். பழசு வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? ரெண்டையும் ஒண்ணா போடுங்க. பக்கம் பத்தாதுங்கற பேச்சுதான் இப்ப இல்லையே. கேக்கறவங்க தீர்ப்பு சொல்லட்டும்."

அப்படியே போட்டார்கள். இரண்டு பதிவும் அடங்கிய பெட்டி வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டார்கள். தங்கைக்கே மனசு கேட்கவில்லை. "பாவம்க்கா அந்தப் பொண்ணு, உன் பக்கத்துல நிக்க முடியல."

பெரியக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "தோத்தா என்னடி இப்ப? வேற யார்கிட்டயும் தோக்கலையே, என்கிட்டதான தோத்தா!"