தலை சீவிக் கொடுத்த முகம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொத்து வேலை முடிந்து அண்ணனூரில் ரயிலை விட்டு இறங்கினேன். வாசலில் ஒரு போலீஸ்காரர் கூலி ஆட்களை மட்டும் நிறுத்தி, செல்போனில் முகத்தைப் படம் பிடித்து, பேரும் விலாசமும் குறித்துக்கொண்டிருந்தார். என்னை யாரும் படம் எடுத்ததில்லை. சீப்பை எடுத்துத் தலை சீவிக்கொண்டேன்.

“இன்னா மாமே, பொண்ணு ஊட்டுக்கா அனுப்பப் போறாங்கோ?” என்று கூட வேலை செய்யும் சேகர் சிரித்தான்.

சில நாள் கழித்து, எங்கோ நகை பறித்தவனின் முகத்தோடு என் முகம் பொருந்துகிறது என்று கம்ப்யூட்டர் காட்டியதாம்; காவல் நிலையத்துக்கு இழுத்துப் போனார்கள். தெருவே நின்று பார்த்தது. விடிய விடிய முட்டி போட வைத்தார்கள். மறுநாள் உண்மையான திருடன் சிக்கினான். என்னைப் போகச் சொன்னார்கள்.

“என் படத்த அழிச்சுடுங்க சார்” என்றேன்.

இன்ஸ்பெக்டர் கோபப்படக்கூட இல்லை. “அத அழிக்க எனக்கே பவர் இல்லய்யா. கம்ப்யூட்டர் எப்போ உன்னக் காட்டுதோ, அப்போ வரணும். அவ்ளோதான்.”

அவர் கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். யார் காலில் விழுவது என்று தெரியாமல் வெளியே வந்தேன்.

இப்போதெல்லாம் வாசலில் பைக் வந்து நின்றால், என் மனைவி என் சட்டையை எடுத்துக் கையில் கொடுக்கிறாள்.

எழுதிய நாள்: புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை.