ஜெபமணியின் கர்த்தரும் என் எரிச்சலும்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்றைக்குப் பட்டம் வாங்கியவர்கள் பத்துப் பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். ரங்கநாதன் தெருவில் பனியன் கூவி விற்ற இந்தச் சுயம்புலிங்கம், தி.நகரில் மூன்று மாடி ஜவுளிக்கடை வைத்தது ஊரறிந்த கதை. ஆனால் எங்கள் கடை ரவிக்கைக்குப் பேர் வந்தது கட்டிங் மாஸ்டர் ஜெபமணியால்தான். நாசரேத்துக்காரர். நாடா கழுத்தில் சும்மா தொங்கும், கண்ணாலேயே அளந்துவிடுவார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வேதப்புத்தகம் வாசிப்பார்.

ஆடி கடைசியில், அவர் எதிர்க்கடை வெங்கடேஷுக்கு நாலு ரவிக்கை வெட்டிக் கொடுத்தது தெரிந்தது. கடை நிறைய ஆள் இருக்கும்போதே, “இனி இந்தப் படி ஏறாதேயும்” என்றேன். கழுத்து நாடாவைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். பதிலுக்கு வந்தவன் வெட்டிய ரவிக்கையில் கை நுழையவில்லை. ஆவணி முகூர்த்தத்துக்கு நாற்பது கல்யாண ரவிக்கை வெட்டாமல் கிடந்தது.

பட்டினப்பாக்கத்தில் அவர் வீட்டுக்கு நானே போனேன்.

“என்னவே, எதிர்க்கடைக்கே போயிருவீரோ?”

“கூப்பிட்டிருக்காவ. நாளைக்குச் சேரணும், அண்ணாச்சி.”

“எனக்கு எரியாதா?”

“எரியத்தான் செய்யும். எங்க கர்த்தரே எரிச்சலுள்ளவருதான். வேதத்துலயே போட்டிருக்கு.”

“கடவுளுக்கு எரிச்சலா? வயித்துலயா?”

“இல்ல, அண்ணாச்சி. தன்னை விட்டுட்டு ஜனங்க வேற சாமி பின்னால போனா வார எரிச்சல். கட்டின பொண்டாட்டி மேல இருக்குமே, அது மாதிரி.”

அந்தச் சாமியை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. “பாத்தீரா, அப்ப நான் செஞ்சது சரிதான?”

“அவரு மனஸ்தாபமும் பட்டிருக்காரு.”

“யாரு கூட?”

“சண்டை இல்ல. மனுசனை ஏன் படைச்சோம்னு அவரே நொந்துக்கிட்டாரு. பழைய தமிழ்ல அதுக்கு மனஸ்தாபம்னு பேரு. ஜனங்களை அழிச்சிருவேன்னு சொல்லிட்டு, பிறவு மனசு மாறி விட்டதும் உண்டு.”

அடுப்படியிலிருந்து அவர் மனைவி ரூத் குரல் கொடுத்தாள். அவள் சென்னையிலேயே பிறந்தவள். “சாமியே பட்டுக்கினாரு. ஜவுளிக்கடைக்காரரு பட்டா இன்னா கொறைஞ்சுடும்?”

நாற்பது வருஷ வியாபாரத்தில் யாரிடமும் இறங்கிப் பேசினவனில்லை நான்.

“சரிவே, நானும் மனஸ்தாபப்படுதேன்.”

“எதுக்கு?”

“உம்மைப் போவச் சொன்னதுக்கு.”

“கர்த்தர் ஒரு தடவையோட நிறுத்தல, அண்ணாச்சி. நாலஞ்சு எடத்துல வருது.”

மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை வாசலில் நின்று, மீன் விற்கிற பெண்கள் கேட்கும்படி. அதற்குப் பிறகுதான் என்னோடு கடைக்கு வர ஜெபமணி சட்டையை மாட்டினார். பழக்கமே இல்லாத ஒரு காரியத்தை முதல் தடவையே இத்தனை சுத்தமாகச் செய்தவன் தி.நகரில் இன்னொருவன் இருந்தால் காட்டுங்கள்.