கெண்டைக்கால் வீக்கமும் ஏழாம் பத்தியும்

பிறருக்கு நேர்ந்த பேரிடியை இலக்கமிட்ட பத்திகளாக அடுக்கி, எழுத்துப் பிழையின்றித் தட்டச்சிட்டுக் கொடுப்பதே சட்டத்தரணியின் லிகிதரது தொழில். இத்தொழிலில் உழலும் அன்பர்களே, ஓர் இரத்தக்கட்டி வழக்கு என்னைப் படுத்திய பாட்டை உங்களிடமன்றி யாரிடம் சொல்வேன்?

சுளுக்கு

உன்னிச்சையில் வயல் செய்யும் வடிவேல் வைத்தியப் பத்திரங்கள் திணித்த ஒரு பொலித்தீன் பையோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அவர் மனைவி பூமணி வரம்பில் விழுந்து கால் முறிந்தவர். ஆறு கிழமை கழித்துப் பிளாஸ்டரைக் கழற்றிய சில நாளில் கெண்டைக்கால் வீங்கிச் சிவந்தது. தனியார் வைத்தியர் ஒருவர் சுளுக்கென்று மாத்திரை கொடுத்து அனுப்பினார். ஐந்தாம் நாள் மூச்சு முட்டி அம்மையார் இறந்தார். காலில் உறைந்த இரத்தம் நுரையீரலை அடைத்ததென்று பிரேத பரிசோதனை சொன்னது.

இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்கு வைக்க வேண்டும். பதினொரு நாளே மிஞ்சியிருந்தது. ஏன் இத்தனை தாமதம் என்றேன்.

"போன மனிசி திரும்பியா வரப்போறா எண்டு இருந்தன் ஐயா. இப்ப என்ட மருமகள்ட வீங்கின காலையும் அதே டொக்டர் சுளுக்கெண்டு சொல்லிப்போட்டாரு. நல்ல காலம், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினம்."

நிபுணர்

வைத்தியர் தவறினார் என்று சொல்ல இன்னொரு வைத்தியர் வேண்டும். ஓய்வுபெற்ற நிபுணர் ஒருவர் பத்திரங்களை வாசித்து, ஸ்கான் எடுக்காதது பெரும்பிழை என்று தேநீர் ஆறும்வரை விளக்கினார். நான் தாளை நீட்டியதும் பேனையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார்.

"சொன்னதெல்லாம் சரிதான் ஐயா. ஆனா அந்த டொக்டர்ட தகப்பன் எங்கட சம்பந்தி, கையெழுத்து மட்டும் கேக்காதீங்க."

ஏழாம் பத்தி

வெளிமாவட்ட நிபுணர் ஒருவர் அறிக்கை தந்தபோது நான்கு நாளே இருந்தது. உண்மையென்று சத்தியம் செய்து மன்றுக்குக் கொடுக்கும் சத்தியக் கடதாசியை எழுத வடிவேலும் நானும் அமர்ந்தோம். ஏழாம் பத்திக்காக, வைத்தியரிடமிருந்து வீட்டுக்கு வந்தபின் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வடிவேலின் முகம் மலர்ந்தது. அஞ்சு நாளும் காலையும் பின்னேரமும் நோவெண்ணெய் பூசித் தன் கையாலேயே இறுக்கி உருவி விட்டாராம்.

என் பேனை நின்றது. அத்தகைய காலை உருவினால் கட்டி இடம்பெயரக்கூடும் என்று எங்கள் நிபுணரின் அறிக்கையே சொல்கிறது. எழுதினால், மனைவியைக் கொன்றவர் அவரே என்று எதிர்த்தரப்பு மன்றில் உரைக்கும். எழுதாவிட்டால், விடியலில் பதிகம் ஓதிய என் நாவே பொய்க்குத் துணைபோகும். எங்கள் சட்டத்தரணி அம்மாவிடம் ஓடினேன்.

"எழுதுங்க. ஆனா அதுக்கு என்ன அர்த்தமெண்டு முதல்ல நீங்கதான் அவருக்குச் சொல்லணும். எனக்கு அந்தத் துணிவு இல்ல."

கையொப்பம்

சொன்னேன். எத்தனை மென்சொற்களைத் தேடி அடுக்கினும் பொருள் ஒன்றே. அவர் இரு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து போய்விடுவார், வழக்கும் அவரோடு போய்விடும் என்று நினைத்தேன். பிறகு மெல்லப் பேனையை எடுத்தார்.

"என்ட கை செய்ததை எழுதுங்க ஐயா, நான் மறைக்கல்ல. 'நல்லா இறுக்கி உருவி விடு' எண்டு சொன்ன அந்த டொக்டர்ட வாயையும் அதுக்குப் பக்கத்தில எழுதுங்க."

முப்பது ஆண்டுகளாகச் சத்தியக் கடதாசி வரைந்து வரும் அடியேன் எழுதியவற்றுள் செவ்வையாய் அமைந்தது அந்த ஏழாம் பத்தி ஒன்றே. அதில் என் பங்கு முற்றுப்புள்ளி மட்டும்.