அசல்தானா, அண்ணி?

கடையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். சாவி கொடுத்து ஓட்டுகிற பழைய கிராமபோன்களை வாங்கி விற்கிற கடை. வருகிற பெட்டியில் எது அசல், எது பின்னால் மாட்டியது என்று சொல்வதுதான் அவள் வேலை. பூசி மெழுகுகிற பேச்சே கிடையாது, வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். ஒரு பெரிய மனிதர் தன் பெட்டியைப் பற்றி வாய் ஓயாமல் அளந்துகொண்டிருந்தார். "பெட்டி சரிங்க, ஆனா பாட்டு வர்ற இந்தப் புனலுக்கு உங்க மக வயசுகூட இருக்காது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் அவள் சொன்னால் அதற்கு அப்பீல் இல்லை.

வீட்டிலும் அதே கதைதான். கணவர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்து நின்றபோது, "காதுக்குப் பின்னாடி அசல் தெரியுதுங்க" என்றாள். பாவம், மனிதர் ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்பேர்ப்பட்டவள் சொந்த வீட்டு கிராமபோனைத் தொட்டதே இல்லை. மாமனார் உயிரோடு இருந்தவரை யாரையும் கிட்டே விடமாட்டார். அவர் போன பிறகு, அதைத் தங்கைக்கே கொடுத்துவிடலாம் என்றார் கணவர்.

நாத்தனார் வண்டியோடு வந்து சேர்ந்தாள். "அண்ணி, எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க. எல்லாம் அசல்தானா?"

அவள் மூடியைத் திறந்தாள். ஸ்பிரிங், தட்டு, புனல் எல்லாம் சரி. ஊசி மாட்டுகிற வட்டமான சவுண்ட் பாக்ஸுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. அதன் கழுத்து, அதைத் தாங்குகிற குழாயில் சரியாக உட்காரவில்லை. இடைவெளிக்குப் பித்தளைத் தகட்டைச் சுற்றி இறுக்கியிருந்தது. திருகாணித் தலையில் புதுக் கீறல்.

போன ஞாயிற்றுக்கிழமை கணவர் திருப்புளியோடு இந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். "என்னங்க பண்றீங்க?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, நீ போ" என்றார். அசல் சவுண்ட் பாக்ஸ் தனியாகவே நல்ல விலைக்குப் போகும். அடப்பாவி மனுஷா, கூடப் பிறந்தவளையா ஏமாற்றுவது?

நிமிர்ந்தாள். கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உண்மையைச் சொன்னால் அண்ணன் தங்கை உறவு இன்றோடு சரி.

"எல்லாம் அசல்தாம்மா."

நாத்தனார் கைகொட்டிச் சிரித்தாள். "பாத்தியாண்ணா, பூதக்கண்ணாடியே கோட்டை விட்டுடுச்சு! அண்ணி, அந்த சவுண்ட் பாக்ஸ் அசல் இல்ல. சின்ன வயசுல நான் கீழ போட்டு ஒடச்சுட்டேன். அப்பாதான் தகடு சுத்தி வேற ஒண்ணு மாட்டினார். எனக்கும் அண்ணாவுக்கும் மட்டுந்தான் தெரியும்."

அவள் அசடு வழியச் சிரித்து வைத்தாள். கணவர் சிரிக்கவில்லை. தங்கை வண்டிக்காரரைக் கூப்பிடக் கீழே இறங்கியதும் பக்கத்தில் வந்தார்.

"ஒன் வெரல் அங்க நின்னத நான் பாத்தேன். தெரிஞ்சுதான் அசல்னு சொன்ன. ஏன்?"

அவள் திறந்திருந்த மூடியை மெல்லச் சாத்தினாள்.

"வீட்ட விட்டுப் போகுதேன்னு கடைசியா ஒரு தடவ கழட்டித் தொடச்சு எண்ணெய் போட்டேன். அப்பா ஞாபகத்துல அழுகை வந்துருச்சு, அதான் கதவச் சாத்திக்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நான் திருடிட்டேன்னு நெனச்சுட்ட, இல்ல?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க..."

"வேணாம். இன்னிக்கு ஒரு பொய் போதும்."

பெட்டியைத் தனியாகவே தூக்கிக்கொண்டு படியிறங்கினார். ஒரு கை பிடிக்கக்கூட அவளைக் கூப்பிடவில்லை.